இமையை விலக்கிப் பார்: இளம் கால்நடை மருத்துவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் பொறுப்பேற்றிருக்கிறாய். வாழ்த்துகள். சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் சுற்றுவட்டாரத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் ஆடு ஓட்டி வருகிறவர்கள் எந்நாளும் வருவார்கள். "டாக்டரம்மா, பூச்சி மருந்து குடுங்க" என்ற குரலைக் காலையிலிருந்து மாலைவரை கேட்பாய். நாற்பது ஆடு வைத்திருப்பவர் கேட்பார். அரசுத் திட்டத்தில் வந்த நாலு ஆட்டை வைத்துக் குடும்பம் நடத்தும் அம்மாவும் கேட்பார். அந்தக் கேள்விக்கு நீ எப்படிப் பதில் சொல்லப் பழகுகிறாய் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றாதே. எந்த ஆட்டுக்குத் தேவையோ அதற்கு மட்டும், முழு அளவில் ஊற்று. மிச்சத்தை மேய்ச்சலும் தீவனமும் கொட்டகையும் பார்த்துக்கொள்ளட்டும். ஏன் என்று விளக்கத்தான் மீதிப் பக்கங்கள்.

நம் ஆடுகளைக் கொல்லும் புழுக்களில் முதலிடம் ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸுக்கு. குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும் இது குடியிருப்பது நான்காம் வயிற்றில். செத்த ஆட்டை அறுத்துப் பார்க்க யாராவது சம்மதித்தால் தயங்காதே, உடம்பின் சூடு ஆறுவதற்குள் அறு. தோலை உரித்ததுமே சதை வெளிறித் தெரியும். ரத்தம் தண்ணீராக ஓடும். வயிற்றறையில் நீர் கட்டியிருக்கும். நான்காம் வயிற்றைக் கத்தரியால் நீளவாக்கில் திறந்தால் உள்ளே பழுப்புநிறக் கலங்கல் இருக்கும், அதில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். பெண்புழுவின் குடல் நிறைய ஆட்டின் ரத்தம். அதைச் சுற்றி அதன் வெள்ளைக் கருப்பைக் குழல் முறுக்கிக் கிடப்பதால் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறித் தெரியும். வயிற்றின் உட்சவ்வைக் கழுவிவிட்டுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ரத்தப் பொட்டுகள். ஆட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி அதைக் காட்டு. ஒரு முறை கண்ணால் பார்த்தவர் பிறகு உன் பேச்சைக் கேட்பார்.

இந்தப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை இழக்க வைக்கிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் ஓடும் ரத்தமே ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர்தான். தீனி குறைந்த காலத்தில் எவ்வளவு நாள் அது தாங்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். கழிச்சல் இல்லாமலே ஆடு சாகிறதே என்று பலர் குழம்புவார்கள். இந்தப் புழு மட்டும் இருந்தால் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. புழுக்கை உருண்டையாகவே விழும். மந்தைக்குப் பின்னால் தங்குவது, மேயும்போதே படுத்துக்கொள்வது, தாடைக்குக் கீழே சாயங்காலம் நீர் கோத்து வீங்குவது, கண் வெளிறுவது, இவைதான் அடையாளம்.

ஒரு பெண்புழு நாளுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை இடும். ஒரே ஆட்டில் 500 பெண்புழு இருந்தால் குறைந்தபட்சம் 25 லட்சம் முட்டை தினமும் தரையில் விழுகிறது. ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, தொற்றக்கூடிய மூன்றாம் பருவக் குஞ்சுப்புழுவாகிவிடும். அது பனிநீரின் மெல்லிய படலத்தில் நீந்திப் புல்லின் மேல் ஏறும். பெரும்பாலானவை தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்ளேயே நிற்கும். ஆட்டின் வயிற்றுக்குள் போனபின் மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை நனைந்து புல் முளைக்கும்போது ஊரே சந்தோஷப்படுகிறது. புழுவுக்கும் அதுதான் பருவம். மழை தொடங்கி நாலு, ஐந்து வாரம் கழித்து உன் மருந்தகத்துக்கு வீங்கிய தாடைகள் வரிசையாக வந்து நிற்பது இந்தக் கணக்கினால்தான்.

இனி கண்ணைப் பார்க்கும் முறை. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் யோசனையில் பிறந்த வண்ண அட்டை ஒன்று இருக்கிறது. அவர் பெயரைச் சுருக்கியே அதற்கு ஃபமாச்சா என்று பெயரிட்டார்கள். கீழ் இமையின் உட்சவ்வு நல்ல சிவப்பாக இருந்தால் 1, வெள்ளைத்தாளாக வெளிறியிருந்தால் 5. ஒவ்வோர் எண்ணுக்கும் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு இன்ன சதவீதம் என்ற கணக்கு உண்டு. 1 என்றால் 28 அல்லது அதற்கு மேல். 5 என்றால் 12 அல்லது அதற்குக் கீழ். ஆடுகளில் 4, 5 இரண்டுக்கும் கட்டாயம் மருந்து. 3 என்றால் குட்டிக்கும் சினையாட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் மெலிந்ததற்கும் கொடுத்துவிடு.

பார்ப்பதில் ஒரு கைப்பழக்கம் வேண்டும். வெயில் வெளிச்சத்தில் நில், கொட்டகை நிழலில் பார்க்காதே. ஒரு கட்டை விரலால் மேல் இமையை மூடி, விழியை லேசாக உள்ளே அழுத்து. இன்னொரு கட்டை விரலால் கீழ் இமையைக் கீழே இழு. உட்சவ்வு தானாகவே புடைத்து வெளியே வரும். அதில் அதிகம் சிவந்த இடத்தைப் பார்த்து அட்டையோடு ஒப்பிடு. நேரம் கடத்தாதே, இமையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சவ்வு சிவந்துவிடும். இரண்டு கண்ணையும் பார், வெளிறியதையே கணக்கில் எடு. நாலைந்து மந்தை பார்த்தபின் ஓர் ஆட்டுக்குச் சில வினாடிகளுக்கு மேல் ஆகாது. அட்டையின் நிறம் வெளுத்துப்போகும், ஆண்டுக்கு ஒன்று புதிதாக மாற்று. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் கோடையில் மாதம் ஒரு முறையும் பார்க்கச் சொல்லிக்கொடு. ஆடு மேய்க்கும் அம்மாவுக்கே இந்தக் கைப்பழக்கத்தைக் கொடுத்துவிட்டால் உன் வேலையில் பாதி முடிந்தது.

கண்ணை மட்டும் நம்பியும் இருந்துவிடாதே. தாடையில் வீக்கம் உண்டா, முதுகெலும்பைத் தடவினால் சதை இருக்கிறதா, வாலடியில் கழிச்சல் அப்பியிருக்கிறதா, மூக்கில் சளி ஒழுகுகிறதா என்று கூடவே பார். கண்நோய், தூசு இவற்றால் வெளிறிய கண்ணும் சிவந்து தெரியலாம். ஈரல் புழு, உண்ணி, பேன், ரத்த ஒட்டுண்ணிக் காய்ச்சல், வெறும் பட்டினி ஆகியவற்றாலும் கண் வெளிறும். அட்டை உன் முடிவுக்கு உதவும், முடிவு எடுக்க வேண்டியவள் நீ.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊற்றிவிட்டால் பாதுகாப்புதானே என்று கேட்பார்கள். இங்கேதான் நீ உறுதியாக நிற்க வேண்டும். ஒரு மந்தையில் பெரும்பகுதிப் புழுக்கள் சிறுபகுதி ஆடுகளிடமே இருக்கின்றன. ஐந்தில் ஓர் ஆடு, அல்லது மூன்றில் ஓர் ஆடு, மொத்தப் புழுவில் பெரும்பங்கைச் சுமக்கிறது. மற்றவை தங்கள் எதிர்ப்பாற்றலால் சமாளித்துக்கொள்கின்றன. அந்த நல்ல ஆடுகளில் இருக்கும் சொற்பப் புழுக்களும் தரையில் கிடக்கும் குஞ்சுப்புழுக்களும் மருந்தையே பார்க்காதவை. அந்த மருந்துக்குச் சாகக்கூடியவை. மருந்தில் தப்பிப் பிழைத்த புழுவோடு இவை கலந்து இனப்பெருக்கம் செய்துகொண்டிருக்கும்வரை மருந்தின் வீரியம் நீடிக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால் பிழைப்பது எதிர்ப்புள்ள புழு மட்டும். அடுத்த தலைமுறை முழுக்க அதன் வாரிசுதான். மருந்து ஊற்றிய கையோடு மந்தையைப் புதுப் புல்வெளிக்கு ஓட்டுவது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். அந்தப் புதுத் தரையில் எதிர்ப்புப் புழுவை மட்டும் விதைக்கிறோம் என்பதே அதன் விளைவு. சித்திரை, வைகாசியில் தரை காய்ந்து குஞ்சுப்புழு இல்லாத நேரத்தில் மொத்த மந்தைக்கும் ஊற்றுவதும் இதே தவறுதான்.

இது பயமுறுத்தலில்லை, நடந்த வரலாறு. தயாபெண்டசோல் 1961இல் வந்தது. அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் பற்றி 1964லேயே அமெரிக்காவில் எழுதிவிட்டார்கள். ஐவர்மெக்டின் 1981இல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய மண்ணிலிருந்து அதன் மூல நுண்ணுயிரைப் பிரித்த சதோஷி ஓமுராவும் மருந்தாக வளர்த்த வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதகுலத்துக்கே கொடையான அந்த மருந்துக்கும் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்க மந்தைகளில் எதிர்ப்பு வந்துவிட்டது. மோனிபேன்டெல் என்ற முற்றிலும் புதிய வகை மருந்து நியூசிலாந்தில் 2009இல் வந்தது. 2013இல் அதே நாட்டில் ஒரு பண்ணையின் வெள்ளாடுகளில் அது செயலிழந்ததைப் பதிவு செய்தார்கள். இந்தியப் பண்ணைகள் பலவற்றிலும் ஆல்பெண்டசோல் வகைக்கு எதிர்ப்பு கண்டிருக்கிறார்கள். மருந்தின் வீரியம் கண்மாய்த் தண்ணீர் மாதிரி ஊர்ப்பொதுச் சொத்து. ஒருவர் மடையைத் திறந்துவிட்டால் எல்லார் வயலும் காயும். ஒரே புறம்போக்கில் மேயும் பத்து வீட்டு ஆடுகளுக்கும் புழு ஒன்றுதான்.

தேவையான ஆட்டுக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதே. அரைகுறை அளவுதான் எதிர்ப்பை வளர்க்கும் முதல் வழி. வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. அதனால் ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், வாய்வழி ஐவர்மெக்டின் ஆகியவை செம்மறி அளவில் ஏறக்குறைய இரு மடங்கும், லெவமிசோல் ஒன்றரை மடங்கும் வேண்டும் என்பது ஒட்டுண்ணியியலாளர்கள் பரவலாக ஏற்ற கணக்கு. புட்டியில் ஆடுகளுக்கு என்று பொதுவாக அச்சிட்டிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாமல் மில்லிகிராம் கணக்கைப் போட்டுப் பார். ஒரு தொங்கு தராசு வாங்கி வைத்துக்கொள். குத்துமதிப்பாகச் சொல்லும் எடை பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். சராசரி எடைக்கு அளந்தால் பெரிய ஆடுகளுக்கெல்லாம் மருந்து குறைந்துபோகும்.

எச்சரிக்கையும் வேண்டும். லெவமிசோலில் சரியான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. குளோசன்டெல் அளவு மீறினால் ஆடு குருடாகும். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடாது, கருவில் ஊனம் வரும். அளவைக் கூட்டினால் கறிக்கும் பாலுக்கும் ஒதுக்க வேண்டிய நாட்களும் கூடும். அதை வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஊற்றும் விதமும் மருந்தின் பகுதி. மருந்து நாக்கின் பின்புறம் விழ வேண்டும். வாயின் முன்பக்கத்தில் விட்டால் அது முதல் வயிற்றைத் தாண்டிப் போய்விடலாம், அப்போது உடம்பில் தங்கும் நேரம் குறைந்துவிடும். தலையை அண்ணாந்து தூக்கிப் பாட்டிலைக் கவிழ்ப்பதை ஊர் ஊராகப் பார்ப்பாய். மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சலில் ஆடு போய்விடும். தலை இயல்பான மட்டத்தில் இருக்கட்டும், கடைவாய் ஓரமாக அளவுக்குழலை நுழை. நல்ல தெம்புள்ள ஆடு என்றால் முந்தின இரவு தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டுக் காலையில் ஊற்றினால் ஆல்பெண்டசோல் வகையும் ஐவர்மெக்டினும் கூடுதலாக வேலை செய்யும். மெலிந்த ஆட்டையும் நிறைசினை ஆட்டையும் பட்டினி போடாதே. கண் வெள்ளைத்தாளாகிவிட்ட ஆட்டை விரட்டிப் பிடிப்பதே அதைக் கொன்றுவிடும். படுத்த இடத்திலேயே மருந்தும் தழையும் புண்ணாக்கும் நிழலும் கொடு.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்காமல் விடாதே. உன்னிடம் நுண்ணோக்கி இருந்தால் போதும். நாலு கிராம் புழுக்கையை 56 மில்லி செறிந்த உப்புக்கரைசலில் கரைத்து, வடிகட்டி, மெக்மாஸ்டர் கண்ணாடியின் இரண்டு அறையிலும் நிரப்பி, சில நிமிடம் விட்டு, கட்டத்துக்குள் உள்ள முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்கு. ஒரு கிராமில் எத்தனை முட்டை என்ற கணக்கு வந்துவிடும். மருந்து கொடுக்கும் அன்று ஒரு தடவை, பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து அதே ஆடுகளில் இன்னொரு தடவை. 95 சதவீதத்துக்கும் குறைவாக முட்டை குறைந்திருந்தால், மருந்தையும் அளவையும் ஊற்றிய முறையையும் சரிபார்த்தபின், எதிர்ப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள். அந்த ஊருக்கு அந்த வகை மருந்தை எழுதாதே. வேறு வணிகப்பெயரில் அதே மருந்தை எழுதுவதும் மாற்றமாகாது. நேரமில்லை என்றால் மாவட்டத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரியை அனுப்பு.

எல்லாம் ஹீமாங்கஸ் இல்லை. மூன்று வாரம் முதல் ஐந்து மாதம்வரை உள்ள குட்டிகள் கறுத்தோ ரத்தம் கலந்தோ கழிந்தால் ரத்தக்கழிச்சல் நோயை, அதாவது காக்சிடியாவை, முதலில் நினை. அது புழுவே இல்லை. பூச்சி மருந்து எத்தனை முறை ஊற்றினாலும் கேட்காது. ஆம்ப்ரோலியமோ சல்ஃபா வகையோ வேண்டும், அதைவிடத் தரை காய வேண்டும். புழுக்கையில் அரிசி அரிசியாக ஒட்டியிருப்பதைக் காட்டிப் பதறுவார்கள். அது நாடாப்புழுவின் துண்டு. கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புழு செய்யும் கெடுதல் கண்ணுக்குத் தெரியாததைவிடக் குறைவு என்று அமைதிப்படுத்து. கண்மாய் வற்றும்போது கரையோரச் சதுப்பில் மேய்ந்த மந்தை நாற்றமெடுத்துக் கழிந்தால் நத்தை வழியாக வரும் தட்டைப்புழுக்களைச் சந்தேகி. முதல் வயிற்றுத் தட்டைப்புழுவின் இளம் பருவத்துக்கு ஆல்பெண்டசோல் போதாது, ஆக்சிகுளோசனைடு வேண்டும்.

தடுப்புக்கு வருவோம். வெள்ளாடு இயல்பிலேயே தழை தின்னும் பிராணி. முன்னங்காலைத் தூக்கிக் கிளையை எட்டித் தின்னும்போது அதன் வாய் புழுவுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. புல்லை ஒட்டக் கறம்ப விடும்போதுதான் சிக்கல். அகத்தி, வேம்பு, கிளுவை, கருவேலங்காய், சூபாபுல் என்று தழை கொடுக்கச் சொல். தரையில் போடாமல் கட்டாகக் கட்டித் தொங்கவிடச் சொல். பனி காய்ந்தபின் மேய்ச்சலுக்கு ஓட்டுவது பெரியவர்களின் பழக்கம். மழை, பனிக் காலத்தில் அதை விடாதிருக்கச் சொல். ஆடு விட்ட நிலத்தில் மாட்டை மேய விட்டால் மாடு தின்னும் குஞ்சுப்புழுவில் பெரும்பகுதி அதன் வயிற்றில் நிலைக்காமல் அழியும். ஆடு மேய்க்கும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடையை இடம் மாற்றிக்கொண்டே போகிறார்கள். அடைத்த இடத்துக்கு உடனே திரும்பாத அந்த நடையில் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பரண் அமைக்க வசதியுள்ளவர்கள் அமைக்கட்டும், புழுக்கை கீழே விழுந்துவிடும். முடியாதவர்கள் தினம் கூட்டிக் குவித்து மக்க வைக்கட்டும், குப்பையின் சூட்டில் முட்டை சாகும். குட்டி ஈனுவதை ஒட்டித் தாயின் எதிர்ப்பாற்றல் தளர்ந்து முட்டை எண்ணிக்கை ஏறும். அந்த வாரங்களில் தாயின் கண்ணைத் தவறாமல் பார்க்க வேண்டும். நல்ல புரதத் தீவனம் கிடைத்த ஆடு புழுவைத் தாங்கும். கைப்பிடி கடலைப் புண்ணாக்கு பல நேரம் மருந்துக்குச் சமம். சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே மந்தையில் விடக் கூடாது. தனியே கட்டி, இரண்டு வேறு வகை மருந்தைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் புழுக்கையைப் பரிசோதித்துவிட்டுச் சேர்க்கட்டும். வேறு ஊரின் எதிர்ப்புப் புழு நம் ஊருக்குள் நுழையும் வாசல் அதுதான். வருடா வருடம் திரும்பத் திரும்ப மருந்து கேட்கும் ஆடு எது என்று குறித்துவை. அதன் குட்டியைக் கிடாவாக நிறுத்தக் கூடாது. கன்னி ஆடு, கொடி ஆடு போன்ற நம் இனங்களுக்குள் தாங்கும் ஆட்டைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதே நெடுநாள் மருந்து.

நாட்டு மருந்து பற்றி உன்னிடம் நிறையப் பேர் பேசுவார்கள். மரியாதையோடு கேள். வேப்பிலையும் அகத்தியும் தீவனமாக நல்லவை. ஆடுதீண்டாப்பாளையைப் புழுவுக்கு அரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். அதை வேண்டாம் என்று தெளிவாகச் சொல். எதைக் கொடுத்தாலும் முன்னும் பின்னும் முட்டையை எண்ணிப் பார் என்பதே உன் அளவுகோல். கண் வெளிறிய ஆட்டுக்குத் தழையை மட்டும் கொடுத்து நாள் கடத்த இடம் கொடுக்காதே.

ஆஸ்திரேலியாவில் 2014 முதல் இந்தப் புழுவுக்குத் தடுப்பூசி ஒன்று செம்மறிகளுக்குக் கிடைக்கிறது. அதைப் போன்ற நல்ல செய்திகள் நமக்கும் வரட்டும். வரும்வரை நம் கையில் இருப்பது இரண்டு, மூன்று வகை மருந்துகளும் உன் இரண்டு கட்டை விரல்களும்தான்.

குடற்புழு நீக்க முகாமில் உனக்கு எண்ணிக்கை கேட்பார்கள். வரிசையில் நிற்கிறவர்களும் தங்கள் எல்லா ஆட்டுக்கும் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாத ஆட்டைக் காட்டிக் கோபிப்பார்கள். அவர்களிடம் இமையை விலக்கிக் காட்டு, பொறுமையாகக் காரணம் சொல். சிவந்த கண்ணையும் வெளிறிய கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஆட்டோடு வாழ்கிறவர்களுக்கு விளங்காமல் போகாது. சோதித்த ஆடு இத்தனை, மருந்து கொடுத்த ஆடு இத்தனை என்று இரண்டு எண்ணையும் பதிவேட்டில் எழுது. இரண்டாவது எண் சிறியதாக இருப்பதற்கு வெட்கப்படாதே. உனக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காரப் போகும் மருத்துவருக்கும் வேலை செய்கிற மருந்து ஒன்றை மிச்சம் வைத்துவிட்டுப் போ.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்